பூட்டும் இல்லை, மதகும் இல்லை: ‘லாக்’ என்பதற்கு ஒரு சொல்

பாத் நகரில் படகேறிய அந்தத் தம்பதியை நானும் என் மனைவியும் இரண்டு வாரமாகத் தொலைக்காட்சியில் விடாமல் பின்தொடர்கிறோம். இங்கிலாந்தின் கென்னட் அண்ட் ஏவன் கால்வாய். ஆள் நடக்கிற வேகத்தில் போகும் ஒரு ஒல்லிப் படகு. வழியில் பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் மாதிரி கரையோரச் சிற்றூர்கள். நிறுத்துவார்கள், ரொட்டி வாங்குவார்கள், பழைய கல் களஞ்சியத்தை எட்டிப் பார்ப்பார்கள், மறுபடி கிளம்புவார்கள். எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தது, டிவைசஸ் ஊருக்குக் கீழே கேன் ஹில் மேடு வரும்வரை. “அன்பே, இன்று நாம் 29 பூட்டுகளைத் திறந்தாக வேண்டும்” என்றது தமிழ் டப்பிங் குரல்.

“ஏங்க, சாவிக்கொத்த வீட்லயே வச்சிட்டு வந்திருந்தா என்ன பண்ணுவாங்க?” என்றாள் என் மனைவி.

சிரித்தேன். கால்வாயில் படகை மேடு ஏற்றி இறக்கும் ‘லாக்’ என்ற அமைப்பைத்தான் பூட்டு என்று பெயர்த்திருந்தார்கள். ஆனால் இந்தப் ‘பூட்டு’ எனக்குப் புதிதில்லை. பனாமா கால்வாயைப் பற்றிய செய்தியில் படித்திருக்கிறேன், பயணக் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். எத்தனை முறைதான் பல்லைக் கடிப்பது?

முதலில் அந்தப் பொருளைப் பார்ப்போம். கால்வாய்த் தண்ணீர் மேடு ஏறாது. மேடு வந்தால் கால்வாயைப் படிபடியாக வெட்டி, படிக்கும் படிக்கும் நடுவே நாலு பக்கமும் அடைத்த ஒரு தொட்டி கட்டுகிறார்கள். முன்னும் பின்னும் கதவு. படகு கீழ்க்கதவு வழியாக உள்ளே வருகிறது, கதவை மூடுகிறார்கள். தம்பதியில் ஒருவர் சுக்கான் பிடிக்க, மற்றவர் கரையில் இறங்கி, மடங்கிய இரும்புக் கைப்பிடி ஒன்றைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றுகிறார். டக், டக், டக் என்று பல் விழ, தண்ணீருக்கடியில் ஒரு பலகை மேலே வருகிறது. மேல்மட்டத்துத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. படகு உயர்கிறது. உள்ளும் புறமும் மட்டம் ஒன்றாகும்வரை யானையைக் கட்டி இழுத்தாலும் மேல்கதவு அசையாது. மட்டம் ஒன்றானதும், கதவில் கிடைமட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய மர உத்தரத்தில் முதுகைச் சாய்த்துத் தள்ளினால் போதும், மெதுவாகத் திறந்துகொள்ளும். அதுவரை அதை மூடி வைத்திருந்தது தாழ்ப்பாள் இல்லை, தண்ணீரின் எடை.

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் ‘லோக்’ என்றால் தாழ்ப்பாள்; அடைப்பட்ட இடம் என்றும் பொருள். கதவில் தொங்கும் லாக் ஒரு கிளை, ஆற்றை மறித்துக் கட்டிய லாக் இன்னொரு கிளை. நம் ‘பூட்டு’ வேறு வம்சம். பூண், பூட்டு: ஏர் பூட்டு, வண்டி பூட்டு, வில்லில் நாண் பூட்டு. சேர்த்துக் கட்டுவதுதான் அதன் உயிர். ஆங்கிலத்தின் இரண்டு கிளைக்கும் நம்முடைய ஒரே சொல்லை மாட்டினால் வண்டி ஓடாது. கேன் ஹில்லில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் படகுகளை விடாமல் கதவுகளுக்கு நிஜப் பூட்டே போடுகிறார்கள். அதை எப்படித் தமிழில் சொல்வார்களாம்? பூட்டைப் பூட்டால் பூட்டினார்கள் என்றா?

இதுவரை சொன்னதில் என் தமிழாசிரிய நண்பருக்கும் மறுப்பில்லை. அவர் கட்சி வேறு. “மதகு என்று இரண்டாயிரம் ஆண்டுச் சொத்து இருக்கும்போது எதற்கையா அலைகிறீர்?” என்பார். வெறும் பேச்சில்லை, சான்றும் வைத்திருக்கிறார். பிரெஞ்சுக்காரன் இதை ‘எக்ளூஸ்’ என்கிறான், டச்சுக்காரன் ‘ஸ்லௌஸ்’ என்கிறான்; இரண்டும், மதகைக் குறிக்கும் ஆங்கில ‘ஸ்லூயிஸ்’ஸும் ஒரே லத்தீன் தாயின் பிள்ளைகள். சீனர்கள் சொல்வதோ கிட்டத்தட்ட ‘படகு மதகு’. இந்தத் தொட்டியை முதலில் கட்டியதும் சீனர்கள்தான். சரிவுப் பாதையில் இழுத்து ஏற்றும்போது படகுகள் உடைவதும் வரி நெல் களவு போவதும் பொறுக்காமல், சியாவ் வெய்யுயே என்ற அதிகாரி 984-இல் பெருங்கால்வாயில் இதை அமைத்தார். அவர்களுக்கே மதகு போதுமென்றால் நமக்கென்ன?

நமக்கு ஏன் போதாது என்றால், நம் மதகுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஏரிக்கரையில் நின்று பார்த்த யாரையும் கேளுங்கள். மதகு தண்ணீரை விடும், படகை விடாது. இந்தத் தொட்டியோ படகை விடும், ஒரு தொட்டி அளவுக்கு மேல் தண்ணீரை விடாது. கேன் ஹில்லில் ஜோடிப் படகுக்காகக் காத்திருந்து இரண்டும் ஒன்றாக நுழைவது எதற்கு? ஒரே தொட்டித் தண்ணீரில் இரண்டு படகும் ஏறட்டும் என்றுதான். இறங்கிப் போன தண்ணீரைப் பம்பு வைத்து மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். தண்ணீர் திறந்துவிடுவதற்கென்று இருக்கும் ஒன்றின் பெயரைத் தண்ணீரைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்கும் ஒன்றுக்கு வைப்பது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் தண்ணீருக்கடியில் எழும்பும் அந்தப் பலகை இருக்கிறதே, அதுதான் அசல் மதகு. நம் ஊர் ஷட்டரேதான், அளவில் சிறிது. முழு அமைப்புக்கும் மதகு என்று பெயர் வைத்துவிட்டால், “மதகின் மதகைத் திறந்தார்” என்று எழுத வேண்டிவரும். நண்பரிடம் இதைச் சொன்னதும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் நீரடைப்பு?” என்றார். அடைப்பு என்றால் இன்றைக்கு இரண்டுதான்: சாக்கடையில் ஒன்று, இதயத்தில் ஒன்று.

சீப்பு என்றொரு சொல்லும் ஆசை காட்டியது. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டைக் காவலை அடுக்கும் இடத்தில் ‘எழுவும் சீப்பும்’ என்று வரும் சீப்பு, கதவுக்குத் துணையாக நிறுத்தும் மரம். மலையாளத்தில் அதே சொல் நீரை மறிக்கும் மதகு. லாக் போன பாதையிலேயே நடந்த சொல்! ஆனால் “தம்பதியினர் 29 சீப்புகளைக் கடந்தனர்” என்று எழுதிப் பாருங்கள். தலை வாருவது போக, வாழைப்பழமும் கண்ணில் வரும்.

‘படகுத்தூக்கி’யும் ஆகாது. அது வேறு எந்திரம். ஸ்காட்லாந்தில் 2002-இல் திறந்த ஃபால்கிர்க் சக்கரம் படகைத் தண்ணீரோடு அப்படியே 24 மீட்டர் தூக்கி வைக்கிறது. அதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

நான் சொல்வது ‘படித்தொட்டி’. படிபோல ஏற்றும் தொட்டி, அவ்வளவுதான். கேன் ஹில்லின் 29 தொட்டிகளும் மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் படகை 72 மீட்டர் ஏற்றுகின்றன. நடுவில் 16 தொட்டிகள் நேர்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பதைக் கீழேயிருந்து பார்த்தால் படி என்ற சொல் தானாக வாயில் வரும். அதைக் காப்பவர் தொட்டிக்காரர், அதன் கதவு தொட்டிக்கதவு. குப்பைத்தொட்டி ஞாபகம் வருகிறதே என்று ஒருவர் குறைபட்டார். எனக்கு வருவது தொட்டிக்கட்டு வீடு. சுற்றிலும் சுவர், மேலே வானம்.

தனித்தமிழ்ப் பிடிவாதம் எனக்கில்லை. கோதாவரி, கிருஷ்ணா டெல்டாவில் இதை ‘லாக்குலு’ என்று அழகாகத் தெலுங்காக்கிக்கொண்டார்கள். நம் பக்கிங்காம் கால்வாயிலும் லாக்குகள் இருந்தன; விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் அவற்றில் காத்துக் கிடந்தன. ‘லாக்’ என்றே எழுதுங்கள், வாசகருக்குத் தெரியாத பொருள் என்பதாவது தெரியும். பூட்டு என்று எழுதினால் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார், அதுதான் கோபம். திரையில் கதவும் தண்ணீரும் படகும் தெரிகின்றன. மொழிபெயர்ப்பவர் மட்டும் படத்தைப் பார்க்காமல் அகராதியைப் பார்க்கிறார். சொல்லுக்கு இத்தனை காசு என்று கணக்குப் போடுகிற பிழைப்பில் படத்தைப் பார்க்க நேரம் கொடுக்கிறார்களோ என்னவோ. அதே நிகழ்ச்சியில் ‘இரண்டு லாக்குகளுக்கு இடையே நீளமான பவுண்டு’ என்பது ‘நீளமான பணம்’ ஆகியிருந்தது. இங்கே பவுண்டு என்பது இரண்டு தொட்டிக்கு நடுவில் அடைப்பட்ட கால்வாய்த் துண்டு. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் ‘பவுண்டில்’ அடைத்த காலத்தைக் கண்ட எந்தத் தாத்தாவும் இதைச் சரியாகச் சொல்லியிருப்பார்.

மறுநாள் இரவு தம்பதி மேட்டில் பாதிக்கு மேல் ஏறியிருந்தார்கள். அந்த அம்மாள் இரும்புக் கைப்பிடியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கதவுக்கு நடந்தார். “இன்னும் எத்தன தொட்டிங்க?” என்றாள் என் மனைவி. படியை விட்டுவிட்டாளே என்று திருத்த வாயெடுத்தேன். பிறகு, “பதினொண்ணு” என்றேன்.