கண்டிப்பு அல்ல, பேசாமல் இருப்பதுதான் பிள்ளையைக் கெடுக்கிறது

"கண்டிப்பா வளர்க்கறது தப்பா டாக்டர்?" வளரிளம் பிள்ளைகளின் பெற்றோர் வழக்கமாகக் கேட்பது. தப்பில்லை. உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களில் வகைப்படுத்திய வளர்ப்பு முறைகளை 1983இல் மக்கோபி, மார்ட்டின் என்ற ஆய்வாளர்கள் இரண்டு அளவுகோல்களில் வைத்தார்கள்: பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம், அதன் மனசுக்கு எவ்வளவு காது கொடுக்கிறோம். எதிர்பார்ப்பு மட்டும் இருந்தால் அதிகாரம். காது மட்டும் கொடுத்தால் செல்லம். இரண்டும் இல்லாவிட்டால் தண்ணி தெளித்து விட்டது போல. இரண்டும் சேர்ந்த வீட்டில்தான் பிள்ளைக்குத் தன் உணர்வு பிடிபடுகிறது.

நம் வீடுகளில் ஒழுக்கம் என்ற பெயரில் நடக்கும் இன்னொன்று உண்டு. மார்க் குறைந்தால் அம்மா 2 நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். "உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படுறோம்" என்பார் அப்பா. இது மனதைப் பிடித்து ஆட்டுவது. வளரிளம் பருவத்து மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் தொடர்புள்ளதாக ஆய்வுகள் காட்டுவது இதைத்தான். தனக்கு என்ன ஆகிறது என்று கவனிக்க வேண்டிய பிள்ளை, அம்மாவின் முகத்தையே கவனிக்கப் பழகுகிறது. அடுத்த முறை ரேங்க் கார்டில் கையெழுத்தை அதுவே போட்டுக்கொள்ளும்.

ஒன்பதாம் வகுப்பு மகள் கணக்கில் 38 வாங்கி வந்து கதவைச் சாத்துகிறாள். "என்ன ஆச்சு?" என்றால் "கடுப்பா இருக்கு" என்பாள். வெட்கம், பொறாமை, பயம், அவமானம் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளிடம் இருப்பது அந்த ஒரே சொல். அறிவுரையைத் தள்ளிவைத்து, குறைந்தது 20 நிமிடம் விடுங்கள். உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதி முதிர 25 வயதை ஒட்டிவிடும். பிறகு இரண்டு சொல் கொடுங்கள்: "ஏமாற்றமா, இல்ல ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அவமானமா இருந்துச்சா?" தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, அவளே திருத்துவாள். உணர்வுக்குப் பெயர் வைத்தால் மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி சற்று அடங்குவதை 2007இல் வந்த ஸ்கேன் ஆய்வு ஒன்று காட்டியது.

எதிரெதிரே உட்கார்ந்து கேட்டால் விசாரணையாகிவிடும். துணி மடிக்கும்போதோ வண்டியில் போகும்போதோ பேச்சு தானாக வரும். "ஏன் இப்படிப் பண்ணின?" என்ற கேள்விக்குச் சாக்குதான் பதில். பெரியம்மா மகனை இழுத்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

விதியைத் தளர்த்த வேண்டாம். இரவு 9.30க்கு மொபைல் ஹாலுக்கு வர வேண்டும் என்றால் வரத்தான் வேண்டும். "உனக்குக் கோபம் வரலாம், தம்பி மேல கை வைக்கக் கூடாது." உங்களுக்கே கோபம் மிஞ்சிவிட்டால் "காலைல கத்தினது என் தப்பு" என்பதோடு நிறுத்துங்கள். "ஆனா நீயும்..." என்று தொடங்கினால் மன்னிப்பு பாழ்.

தூக்கம், சாப்பாடு, நட்பு மூன்றிலும் மாற்றம் 2 வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினாலோ கையைக் கீறிக்கொண்டாலோ 2 வாரம் காத்திருக்கக் கூடாது: தனியே விடாமல் அன்றே அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம்.