சோறும் கடிதமும் ஒரே தண்டவாளத்தில்

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதிரி ரயில் வீடியோ பார்த்தேன். ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின். ஒன்று கிளம்பிப் போகிறது, மற்றது விளக்கை எரியவிட்டுக்கொண்டு அப்படியே நிற்கிறது. இரண்டுக்கும் கரண்ட் ஒரே தண்டவாளத்தில்தானே வருகிறது?"

பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் பார்த்தே வளர்ந்தவர் கேட்கும் கேள்விதான். நிஜ இன்ஜினுக்குள் டிரைவர் இருக்கிறார். மாதிரிக்குள் யார்?

முதலில் அளவு. உலகெங்கும் அதிகம் புழங்குவது ஹெச்.ஓ. எனப்படும் 87-இல் ஒரு பங்கு. ஹாம்பர்க்கில் 2001-இல் திறந்த மினியட்டூர் வுண்டர்லாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரயில்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் ஓடுகின்றன. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போன தூரம் சுமார் 100 கிலோமீட்டர். அதை இந்த அளவில் அமைத்தாலும் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 24 பெட்டி ரயில் ஒன்றே ஆறு மீட்டர் வரும். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டு ஹாலில் அது நிற்கவே இடமில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரப் பெரியவர் ஒருவர் அதனால்தான் மொட்டை மாடியில் ஷெட் போட்டு வைத்திருக்கிறார். நம் அகல ரயில்பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.3 வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ ஐரோப்பிய 1435-க்கு ஏற்ற 16.5 மில்லிமீட்டர்தான். "நம்ம ரயில் கொஞ்சம் காலைக் குறுக்கி நிக்குது" என்பார்.

பழைய முறை எளிது. 12 வோல்ட் வரை நேர்மின்சாரம். கூட்டினால் வேகம், பிளஸ் மைனஸை மாற்றினால் பின்னோக்கு. தண்டவாளத்தில் இருக்கும் எல்லா இன்ஜினும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். தனித்தனியே ஓட்ட, பாதையைத் துண்டு துண்டாக வெட்டித் துண்டுக்கு ஒரு ஸ்விட்ச் வைக்கவேண்டும்.

மாணவி பார்த்தது டி.சி.சி., அதாவது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல். ஜெர்மனியின் லென்ஸ் (Lenz) நிறுவனம் உருவாக்கிய முறையை, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990-களில் பொது விதியாக்கியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். நிற்கிற இன்ஜினின் விளக்கு எரிவது அதனால்தான். ஆனால் பிளஸும் மைனஸும் நொடிக்குப் பல்லாயிரம் முறை இடம் மாறிக்கொண்டே இருக்கும். 58 மைக்ரோநொடி (நொடியைப் பத்து லட்சமாக வெட்டினால் ஒரு பங்கு) ஒரு பக்கம், 58 மைக்ரோநொடி மறுபக்கம் என்றால் அது 1. பக்கத்துக்கு 100 மைக்ரோநொடி என்றால் அது 0. அவ்வளவுதான் எழுத்து.

இன்ஜின் வயிற்றுக்குள் ஒரு சின்ன சர்க்யூட், டிகோடர், உட்கார்ந்திருக்கிறது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் நாலு டயோடு வைத்து இந்தத் தடுமாறும் மின்சாரத்தை ஒருமுகப்படுத்தி வைத்துக்கொள்கிறது. அது மோட்டாருக்குச் சோறு. அதே மின்சாரம் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புரள்கிறது என்று அளந்து படிக்கிறது, அது கடிதம். கடிதத்தில் முதலில் வரிசையாகப் பல 1-கள், "கவனி" என்பது போல. அப்புறம் இன்ஜின் எண், அப்புறம் கட்டளை, கடைசியில் சரிபார்ப்பு எண். ஹவுசிங் போர்டில் காஸ் சிலிண்டர்காரர் கீழே நின்று தட்டிக் கதவு எண்ணைக் கத்துவார். பிளாக் முழுக்கக் கேட்கும், ஒரு கதவுதான் திறக்கும். அதே கதைதான்.

புது டிகோடர் எல்லாமே 3 என்ற எண்ணோடுதான் வரும். பெரியவர் இரண்டாவது இன்ஜின் வாங்கிய அன்று அதை மாற்ற மறந்துவிட்டார். ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் ஓடின, ஒரே பிளாக்கில் இரண்டு செல்வி இருந்தால் நடப்பதுபோல.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஒவ்வொரு எழுத்தும் இரண்டு சம பாதிகளாக இருப்பது. இன்ஜினைத் தூக்கித் திருப்பி வைத்தால் அதற்கு இடது வலது மாறிவிடும். பிளஸ் மைனஸாகத் தெரியும். ஆனால் இரண்டு பாதியும் ஒரே நீளம் என்பதால், எது முதலில் வந்தது என்பது பொருட்டே இல்லை. 58 எப்படிப் புரட்டினாலும் 58. செய்தி நேரத்தில் இருக்கிறது, திசையில் இல்லை.

பதில் கடிதம் கிடையாது. அடிப்படை டி.சி.சி.யில் இன்ஜின் "சரி" என்று சொல்லாது. ஆகவே தண்டவாளத்துக்குச் சோறும் கடிதமும் அனுப்பும் கட்டளைப் பெட்டி அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். தூசியில் ஒரு கடிதம் சிதைந்தால் சரிபார்ப்பு எண் பொருந்தாது, டிகோடர் அதைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததைப் படிக்கும். துறைமுகத் தூசி படியும் வடசென்னைக்கு இது பெரிய சௌகரியம்.

ஆனால் பெரியவர் ஆயுத பூஜை அன்று இன்ஜினால் எலுமிச்சம்பழத்துண்டை நசுக்கியதைச் சரிபார்ப்பு எண்ணால்கூடக் காப்பாற்ற முடியவில்லை. சாறு காய்ந்து சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே படலமாகி, சோறும் போகவில்லை, கடிதமும் போகவில்லை. திருஷ்டி கழிந்ததோ என்னவோ, ஒரு மாலை முழுக்கத் துடைத்தோம். இதைவிட எனக்கு எரிச்சல் வரியில்தான். பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60, 2023-இல் 70. உள்ளூர்த் தொழிலைக் காப்பது சரி. ஆனால் டிகோடர் ரயிலைத் தொட்டுப் பார்க்கவேண்டிய பிள்ளை வீடியோவோடு நின்றுவிடுகிறது.

மாணவிக்கு இன்னொன்று. ரயில் வந்த வழியே திரும்பிப் போகும்படி பாதை வளைந்து தன்னோடே வந்து சேர்ந்தால் இடது தண்டவாளம் வலதைத் தொடும், ஷார்ட் சர்க்யூட். அந்த வளையத்தை இரு முனையிலும் வெட்டி ஒரு தானியங்கிப் பெட்டி வைப்பார்கள். சக்கரம் வெட்டைத் தாண்டும் கணத்தில் அது வளையத்தின் பிளஸ் மைனஸை மாற்றிவிடும். பழைய முறையில் இப்படிச் செய்தால் இன்ஜின் பின்னால் ஓடும். பெரியவரின் மாடியில் பார்த்தேன்: வேகம் குறையவில்லை, விளக்குகூட இமைக்கவில்லை. காலடியில் திசையே புரண்டது அதற்குத் தெரியாது.