கீபோர்டு வாங்கும் முன் பிளக் பாயின்ட்டைப் பாருங்கள்

கரண்ட்டில் கருகிய கம்ப்யூட்டரோடு என்னிடம் ரிப்பேருக்கு வந்ததில், இந்த மாதத்தில் இது நான்காவது கேஸ். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பையன். மழை விட்டுக் கரண்ட் வந்ததும் 'டப்'பென்று ஒரு சத்தம். கம்ப்யூட்டருக்குள் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போச்சு, மதர்போர்டு போச்சு, ஹார்டு டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டும் கருகிவிட்டது. புராஜெக்ட் முழுக்க அதில்தான். கீபோர்டு 4,500 ரூபாய், மவுஸ் 2,000 ரூபாய், எல்லாம் ரிவ்யூ பார்த்துப் பார்த்து வாங்கியது. அத்தனைக்கும் கரண்ட் போனது 250 ரூபாய் எக்ஸ்டென்ஷன் பெட்டி வழியாக. "அண்ணே, ஸ்பைக் பஸ்டர்லதானே போட்டிருந்தேன்" என்கிறான்.

இந்தப் பதிலைக் கேட்காத வாரமே இல்லை. சிவப்பு சுவிட்ச் எரிகிற நீளப் பெட்டிக்கெல்லாம் நம் ஊரில் ஸ்பைக் பஸ்டர் என்றே பெயர். எரிந்துபோய் என்னிடம் வந்த பெட்டிகளைக் கழற்றினால் பலவற்றில் வயர், பித்தளைத் தகடு, சுவிட்ச், அவ்வளவுதான் இருக்கிறது. உண்மையான ஸ்பைக் பஸ்டரில் எம்ஓவி என்று பட்டன் மாதிரி ஒரு சின்ன பாகம் இருக்கும்; கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்து போகிற திடீர் ஏற்றத்தை அது வாங்கிக்கொள்ளும். வாங்க வாங்க அதுவும் தேயும், ஆகவே ஐந்தாறு வருடம் ஓடிய பெட்டியை நம்பாதீர்கள். எவ்வளவு ஏற்றத்தை வாங்கிக்கொள்ளும் என்பதற்கான அளவுதான் ஜூல்; அட்டையில் எத்தனை ஜூல் என்று போடாத பெட்டியை வாங்கவே வேண்டாம்.

சரி, நல்ல பெட்டியாகவே வாங்கிவிட்டீர்கள். அப்போதும் அது வோல்டேஜைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் ஆகாது, கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் யுபிஎஸ்ஸும் ஆகாது. த்ரீ பேஸ் லைனில் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வயர், அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய பாயின்ட்டில் 400 வரைகூட ஏறும். அது வந்து போகிற ஏற்றம் இல்லை, நின்று எரிக்கும் ஏற்றம். எம்ஓவி அதைத் தாங்காது.

இன்னொன்று, எர்த், அதாவது கசியும் கரண்ட்டைத் தரைக்கு அனுப்பும் வயர். அந்தப் பையனிடம் கேட்டேன், கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருக்குமா என்று. "ஆமாண்ணே, ரொம்ப நாளாவே இருக்கு, செருப்புப் போட்டுக்குவேன்" என்றான். அது சகஜம் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சகஜம் இல்லை, தம்பி. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் எர்த்துக்கு அனுப்ப வேண்டிய கசிவு, எர்த் இல்லாததால் கேபினெட்டில் நிற்கிறது, தொட்டால் உங்கள் உடம்பு வழியாக இறங்குகிறது. எர்த் இல்லாத பாயின்ட்டில் ஸ்பைக் பஸ்டருக்கும் பாதி வேலை போய்விடும். மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் பின் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது மற்ற இரண்டுக்கும் முன்னால் அது தொட வேண்டும் என்பதற்காக. தயவுசெய்து அதை ஒடித்துவிட்டு டூ பின்னில் சொருகாதீர்கள். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, கரண்ட் வரும் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய லைன் வோல்டேஜே வர வேண்டும். நீங்களே வயரை நீட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

அப்புறம் யுபிஎஸ். 600 விஏ என்றால் 600 வாட்ஸ் என்று நினைத்துக் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரை மாட்டுகிறார்கள். வீட்டுக்கு வாங்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும், பெட்டியின் பின்பக்கமே எழுதியிருக்கும். சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது போதும். கேமிங் என்றால் 1,000 விஏவுக்கு மேல் போங்கள். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் என்கிற சின்ன பேட்டரி, அது சேவ் செய்து ஷட்டவுன் பண்ணத்தான். ஒரு மணி நேரம் வேலை பார்க்க இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரியை மாற்றிவிடுங்கள். லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் போடவே போடாதீர்கள், சூடேறும்போது அது இழுக்கிற கரண்ட்டுக்கு யுபிஎஸ் படுத்துவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பவர்கள் அதன் சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அது மாறுகிற இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், இன்டர்நெட் வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் லேன் போர்ட் மட்டும் செத்து எத்தனை போர்டு வருகிறது தெரியுமா?

கீபோர்டு, மவுஸ், ஹெட்செட் எல்லாம் உங்கள் கைக்கும் காதுக்கும் எது ஒத்துவருகிறதோ அதை வாங்குங்கள், அதில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒருமுறை காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வையுங்கள். சொருகியே கிடந்த டிஸ்க் கம்ப்யூட்டரோடு சேர்ந்து கருகியதையும் நான் பார்த்துவிட்டேன்.