வெயிலில் நீளும் நாண்

போன கத்திரி வெயிலில் ஒரு நாள், காலைப் பயிற்சி முடிந்த கையோடு அழகர்கோவில் சாலையில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வில் காரின் பின் சீட்டில் கிடந்தது. பந்தியில் உட்கார்ந்து, சொந்தக்காரர்களிடம் பேசி, வண்டிக்குத் திரும்ப மணி மூன்றாகிவிட்டது. மறுநாள் நாணை இழுத்துக் கண்ணருகே கொண்டுவந்தால் பீப் நேராக இல்லை. நாணின் இழைகளுக்கு நடுவே செருகியிருக்கும் சின்ன வளையம் அது. அதன் ஓட்டை வழியாகத்தான் குறி பார்க்க வேண்டும். அது பாதி திரும்பி நின்றது. கண்ணுக்கு முன்னால் வெறும் கறுப்பு.

வீட்டில் சொன்னதும் பெரியப்பா சிரித்தார். "நாணை இறக்காம எப்பவும் ஏத்தியே வச்சிருந்தா வில்லு கூன் விழுந்துரும்டா. இதுகூடத் தெரியாதா?"

அவர் சொல்வது மூங்கில் வில்லுக்குச் சரி. மரமும் மூங்கிலும் நாள்கணக்கில் வளைந்தே கிடந்தால் அந்த வளைவு அப்படியே தங்கிவிடும். அதனால்தான் வேலை முடிந்ததும் நாண் இறக்கும் பழக்கம் வந்தது. காம்பவுண்ட் வில் வேறு சாதி. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை வாங்கிய வடிவம் இது. வில்லின் இரு முனையிலும் 'கேம்' என்கிற சக்கரம். அதன் அச்சு நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். நாணும், இரு முனைகளையும் இணைக்கும் கேபிள் என்கிற துணைக் கயிறுகளும் அதில் சுற்றி ஓடுகின்றன. இழுக்க இழுக்கச் சக்கரம் உருண்டு, கடைசிக் கட்டத்தில் நெம்புகோல் நம் பக்கம் சாதகமாகிவிடுகிறது. 50 பவுண்டு வில்லை முழுக்க இழுத்து நிறுத்தினால் கை தாங்குவது 10 பவுண்டுதான், 80 சதவீதம் குறைப்புள்ள கேம் என்றால். ஆடித் தள்ளுபடியில்கூட இவ்வளவு கிடைக்காது.

இதற்காக வில்லின் கைகள், அதாவது லிம்புகள், குட்டையாகவும் விறைப்பாகவும் செய்யப்பட்டு, சும்மா மாட்டியிருக்கும்போதே பாதி வளைந்த நிலையில் இருக்கின்றன. கண்ணாடி இழையையோ கார்பன் இழையையோ பிசினில் பதித்துச் செய்தவை. வருடக்கணக்கில் அப்படியே இருந்தாலும் மூங்கில்போலக் கூன் விழாது. நாணைக் கையால் கழற்றவும் முடியாது. லிம்புகளை அமுக்கிப் பிடிக்கத் தனியாக ஒரு பிரஸ் வேண்டும். பிரஸ் இல்லாமல் முயன்று பார்ப்பவர்களுக்கு என் அனுதாபம்.

சரி, லிம்பு தப்பித்தது. அந்த இழுவையை இருபத்துநாலு மணி நேரமும் சுமப்பது யார்? நாணும் கேபிளும்தான்.

கயிற்றுக் கட்டில் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதில்லை. புதிதாகப் பின்னிய கட்டில் விண்ணென்று இருக்கும். ஆறு மாதத்தில் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும். கயிறு அறுந்திருக்காது, பளுவில் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருக்கும். ரப்பர்போல விட்டதும் சுருங்குவது ஒரு வகை நீட்சி. இது திரும்பி வராத நீட்சி. பொறியியலில் இதை 'கிரீப்' என்பார்கள்; தமிழில் ஊர்வு எனலாம். நாணிலும் அதுதான் நடக்கிறது, மில்லிமீட்டர் கணக்கில்.

இன்றைய நாண்களில் பெரும்பாலும் இருப்பது டைனீமா வகை இழை. வேதியியலில் அது மளிகைக்கடை பாலித்தீன் பையின் உடன்பிறப்பு. பையில் மூலக்கூறுச் சங்கிலிகள் இடியாப்பம்போலச் சிக்கிக் கிடக்கும். டைனீமாவில் அவற்றை மிக நீளமாக வளர்த்து, ஒரே திசையில் சீவி நிறுத்தியிருப்பார்கள். அதனால்தான் அந்த அசுர வலிமை. ஆனால் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளுக்கு இடையே உள்ள பிடி ரொம்ப லேசு. பளு தொடர்ந்து இழுத்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். சூடு ஏறினால் வழுக்கல் பல மடங்கு வேகமாகும். இழை உருகுவது 145 டிகிரி வாக்கில்தான், ஆனால் ஊர்வு அதுவரை காத்திருக்காது. 40 டிகிரி வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 60 டிகிரி சர்வசாதாரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சூட்டில் எல்லாம் விரியும் என்று பள்ளியில் படித்தோமே, இந்த இழை நீளவாக்கில் சுருங்கும். ஒன்றரை மீட்டர் நாண் 30 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டர் குறையும். ஆறியதும் அது பழைய நிலைக்கு வந்துவிடும். ஊர்வில் நீண்டது வராது.

ஊர்வைக் கட்டுப்படுத்த, அநேகமாக ஊர்வே இல்லாத வெக்ட்ரான் இழையைச் சேர்த்து முறுக்குகிறார்கள். 452எக்ஸ் என்ற பிரபலமான நாண் நூலில் மூன்றில் ஒரு பங்கு வெக்ட்ரான். அதற்கும் ஒரு பலவீனம்: உராய்விலும் வெயிலின் புற ஊதாக் கதிரிலும் நைந்துபோகும்.

என் நாணுக்கு அப்போது இரண்டு வயது. இருபத்துச் சொச்சம் இழையும் ஒரே அளவாக நீளாது. சில இழை தளர, முறுக்கு மாறி, பீப் திரும்பிவிட்டது. கேபிள் நீண்டால் இன்னும் தொல்லை. லிம்பு கொஞ்சம் நிமிர்ந்து இழுவிசை குறையும். மேல் கேமும் கீழ் கேமும் ஒன்றாக உருளாமல், ஒன்று முந்தி ஒன்று பிந்தும். அம்பு மேலும் கீழுமாகப் போகும். நாம் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இப்போது வில் வீட்டுக்குள், ஜன்னலுக்கு எதிரில் இல்லாத உள்சுவரில், நடுப்பிடியைத் தாங்கும் இரண்டு முளைகளில் தொங்குகிறது. மொட்டை மாடி அறையும் பரணும் மே மாதத்தில் காருக்குச் சளைத்தவை அல்ல.

மெழுகு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். மெழுகு தடவினால் ஊர்வு நிற்காது. அது இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும், ஒன்றையொன்று தேய்க்காமல் வழுவழுப்பாக்கும், தண்ணீரையும் தள்ளும். ஆனால் பழைய மெழுகில் நம்மூர்ப் புழுதி ஒட்டியிருக்கும். அதன்மேலேயே தடவினால் மணலை உள்ளே வைத்து அரம் போடுவதற்குச் சமம். அதனால் முதலில் ஒரு தையல் நூலை நாணில் ஒரு சுற்றுச் சுற்றி, மேலிருந்து கீழே இழுக்கிறேன். கரியும் புழுதியுமாகச் சுருள் சுருளாக வருவதைப் பார்த்தால் நமக்கே கூசும். அப்புறம் புது மெழுகைத் தடவி, விரலின் சூட்டில் இளகி உள்ளே இறங்கும்வரை தேய்க்க வேண்டும். மேலே நூல் சுற்றியிருக்கும் பகுதிகளுக்கு மெழுகு வேண்டாம். மண்ணெண்ணெய், தின்னர் பக்கமே போகக்கூடாது.

லிம்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பஞ்சுருண்டை போதும். ஓரமாக ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத சிலும்பில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். மாட்டினால் அந்த வில்லை அன்றைக்கு இழுக்கக்கூடாது.

அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பது வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குத் தெரியாது. "சும்மா ஒரு தடவ இழுத்துப் பாக்கட்டுமா மாப்ள?" என்பார்கள். அம்பில்லாமல் இழுத்துவிட்டால், அம்பு கொண்டுபோக வேண்டிய ஆற்றல் முழுக்க லிம்புக்கும் நாணுக்கும் கேமுக்குமே திரும்பும். ஒரே தடவையில் லிம்பு பிளந்துவிடலாம். அதனால் அவர்கள் வரும் நாளில் வில் பீரோவுக்குள் போய்விடும்.

புது நாண் போட்டபோது, இரண்டு கேமிலும் கேபிள் கடக்கும் இடத்தில் வெள்ளி நிறப் பேனாவால் மெல்லிய கோடு போட்டு வைத்தேன். முதல் இருநூறு அம்புக்குள் கீழ்க்கோடு ஒரு மயிரிழை நகர்ந்தது. கடையில் பிரஸ்ஸில் ஏற்றி, கேபிளுக்கு இரண்டு முறுக்குக் கூட்டினார்கள். இந்தக் கத்திரி முடிந்தும் கோடு கேபிளோடு ஒட்டியே நிற்கிறது.