ஸ்கிரீனிங் டெஸ்ட்: குறைமாதப் பேற்றைச் சலித்தறியும் சோதனை

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கத்தில் ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போகும் பெண்ணிடம் 'குறைப்பிரசவ ஸ்கிரீனிங்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட வந்த மாமியார், "அப்ப புள்ள குறைமாசத்துல பொறக்கும்னு சொல்லிட்டாங்களா?" என்று பதறிப்போவார். அப்படி யாரும் சொல்லவில்லை. ஸ்கிரீனிங் என்ற சொல்லைத் தமிழில் சரியாகச் சொல்லாததால் வரும் பயம் இது.

ஸ்கிரீன் என்றால் நமக்குத் திரை. பழைய பிரெஞ்சில் அது கணப்பின் அனலை மறைக்கும் தட்டி. ஆங்கிலத்தில் பிறகு மணலையும் நிலக்கரியையும் சலிக்கும் சல்லடைக்கும் அதே பெயர் வந்தது. மருத்துவத்தில் வழங்குவது இந்தச் சல்லடைப் பொருள்தான். எனவே 'திரையிடல்' என்று எழுதுவது பிழை. 'கண்டறியும் சோதனை' என்பது அதைவிடப் பிழை. கண்டறிந்தாயிற்று என்றால் முடிவே ஆகிவிட்டதாகப் பொருள். சல்லடைத் துளைக்குக் கண் என்று பெயர், வலைக்கும் அப்படியே. கண் சிறுத்தால் வேண்டாததும் சேர்ந்து வரும். பெருத்தால் வேண்டியதும் நழுவும். இந்தச் சோதனைகளின் குணமும் அதுதான்.

குறைப்பிரசவம் என்பதில் பிரசவம் வடசொல். பேறு, மகப்பேறு தமிழ். 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பேறு. நம் 'பத்து மாதம்' 28 நாள் கணக்கில் 280 நாள், அதாவது 40 வாரம். 'ஏழு மாசம் பிழைக்கும், எட்டு மாசம் பிழைக்காது' என்று இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே.

இனி சோதனைகள். முதலாவது, கருப்பைக் கழுத்தின் நீளத்தை அளப்பது. ரிப்போர்ட்டில் 'செர்விக்ஸ்' என்று வரும். லத்தீனில் அதற்குக் கழுத்து என்றே பொருள். 18 முதல் 24 வாரத்துக்குள், பிறப்புவழியாக எடுக்கும் 'உள் ஸ்கேன்'தான் இதைத் துல்லியமாகக் காட்டும். படுக்கும் முன் ஒன்றுக்குப் போய்விட்டு வரச் சொல்வார்கள். மூத்திரப்பை நிறைந்திருந்தால் அது அழுத்தி, கழுத்தை உள்ளதைவிட நீளமாகக் காட்டிவிடும். வயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பழகியவர்களுக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். 25 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் 'குட்டை' என்று எழுதுவார்கள்; முந்திப் பெறும் வாய்ப்பு கூடுதல் என்று அதற்குப் பொருள். அப்படி எழுதப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் நாள் நெருங்கியே பெறுகிறார்கள். கழுத்து நீளமாக இருந்தும் முந்திப் பெறுபவர்களும் உண்டு. ஆனாலும் அளந்து பார்ப்பது வீண் இல்லை. குட்டை என்று தெரிந்தால், கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரானை மருந்தாகப் பிறப்புவழியில் வைக்கலாம். முன்பே குறைமாதத்தில் பெற்றவராக இருந்தால் கழுத்தில் தையல் போடுவதையும் மருத்துவர் யோசிப்பார்.

இரண்டாவது ஃபைப்ரோநெக்டின் சோதனை. நார், பிணைத்தல் என்ற இரு லத்தீன் சொற்கள் சேர்ந்த பெயர்; 'நார்ப்பிணைப்புப் புரதம்' எனலாம். பனிக்குடத்தைக் கருப்பையோடு ஒட்டவைக்கும் பசை இது. 22 முதல் 35 வாரத்துக்குள் பிறப்புவழிக் கசிவில் சாதாரணமாக இது தென்படாது. எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. முன்கூட்டியே வலி கண்டவர்களுக்கே அதிகம் பயன்படும். 'இல்லை' என்று வந்தால் அடுத்த ஒரு வாரத்தில் பேறு நடக்க வாய்ப்பு மிகக் குறைவு. 'உண்டு' என்பதை அந்த அளவுக்கு நம்ப முடியாது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வலியோடு அவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா என்று முடிவெடுக்க அந்த 'இல்லை' பெரிய உதவி. பேறு நெருங்குகிறது என்றால், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டு, பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சை உள்ள இடத்துக்கு முன்பே அனுப்பிவிடலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'சலிப்புச் சோதனை' என்றால் அலுப்பு என்ற பொருள் குறுக்கே வரும். 'சலித்தறி சோதனை' என்பது என் தேர்வு. செவிலியர் பேச்சில், "யாருக்குக் கூடுதல் கவனம் வேணும்னு சலிச்சுப் பாக்குறோம்மா" என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும்.

முதல் குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால் ஸ்கேன் வரை காத்திருக்க வேண்டாம். பெயர் பதியும் அன்றே கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். எந்த ஸ்கேனையும்விட முதலில் சலித்துக் காட்டுவது அந்த முன்கதைதான்.