ஸ்டொமேட்டா: துளையா, வாயா?

இலைப் பரப்பில் இருக்கும் நுண்ணிய திறப்புகள்தான் ஸ்டொமேட்டா. நம் பள்ளிப் புத்தகத்தில் இதற்கு இலைத்துளை என்று பெயர். தனுஷ்கோடியில் இருந்து கடலைத் தாண்டினால், இலங்கைப் பிள்ளைகள் இலைவாய் என்று படிக்கிறார்கள். என் ஓட்டு இலைவாய்க்குத்தான்.

கிரேக்கத்தில் ஸ்டோமா என்றாலே வாய். (அதன் பன்மைதான் ஸ்டொமேட்டா; அதற்கும் ஒரு ‘க்கள்’ ஒட்டி ஸ்டொமேட்டாக்கள் என்று எழுதுகிறோம், போகட்டும்.) இரைப்பையைச் சொல்லும் ஸ்டொமக் என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். தவிர, துளை போட்டது போட்டபடி கிடக்கும். இது மூடித் திறக்கும். உதடு மாதிரி இரண்டு காப்பு செல்கள், நீர் ஏறிப் புடைத்தால் திறக்கும், தளர்ந்தால் மூடும். திறந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும், நீராவி வெளியே போகும்.

ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் சித்திரை மணலில் வைத்த பூவரசங்கன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த மரத்தின் வேர் ஆழத்து ஈரத்தைத் தேடிப் போய்விடும், கன்றுக்கு இருப்பதோ சாண் வேர். மேல்மணல் காய்ந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் சுரந்து ‘மூடு’ என்கிறது. காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் கன்று தண்ணீரை மிச்சம் பிடிக்கிறது. கார்பன் வரத்து குறைய, ஒளிச்சேர்க்கை படுத்துவிடும்.

வெயில் மட்டும் குறையாது. நீராவி போனால்தான் இலை குளிரும். மத்தியானத்தில் தண்ணீர் ஊற்றிய கன்று ஒன்று, ஊற்றாதது ஒன்று, இரண்டின் இலையையும் விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள், காய்ந்தது சுடும். சூடு ஏறினால் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதியை முடுக்கிவிடும் துணை நொதி முதலில் சோர்ந்துபோகும். அதற்கும் மேலே போனால் ஒளியைப் பிடிக்கும் அமைப்பே கெட ஆரம்பிக்கும். வெப்பமண்டல மரங்களுக்கு அந்த எல்லை சராசரியாக 46.7 டிகிரி செல்சியஸ் என்று 2023இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அது இலையின் சூடு, காற்றின் சூடு அல்ல. வாய் மூடிய இலை வெயிலில் காற்றைவிடச் சூடாகவே இருக்கும்.

பனையிடம் வெயிலின் இந்தப் பாச்சா பலிக்காது. கொட்டை முளைத்ததும் அது முதலில் கீழேதான் போகும், கிழங்கை மண்ணுக்குள் ஆழமாக இறக்கிக்கொண்டு, மாதக்கணக்கில் கழித்துத்தான் முதல் ஓலையை வெளியே நீட்டும். அதற்குள் நாம் பிடுங்கி அவித்துத் தின்றுவிடாமல் இருந்தால்.