திகதி தொலைத்த நீர்வெட்டு

செவ்வாய்க்கிழமை பின்னேரம் விரிவுரை முடிந்து, 100ஆம் இலக்க பஸ்ஸில் நசுங்கி, வெள்ளவத்தையில் இறங்கி வீட்டுக்கு வந்தால் குளியலறை வாசலில் மாமி நிற்கிறார். சுற்றிலும் ஆறு வாளிகள், இரண்டு பெரிய சட்டிகள், பொங்கலுக்கு மட்டும் இறக்கும் பானை. எல்லாவற்றிலும் தண்ணீர்.

“நாளைக்கு விடிய தண்ணி நிக்குதாம் பிள்ளை. மூண்டு நாளைக்கு வராதாம். உன்ரை அறையிலை இருக்கிற வாளியையும் கொண்டு வா.”

“ஆர் மாமி சொன்னது?”

“ஸ்காபரோவிலை இருந்து சின்னமாமி அனுப்பினவ.”

எங்கள் வீட்டுக் குழாய் வறளப் போகும் செய்தி கனடாவில் இருந்து வட்ஸ்அப்பில் வந்திருந்தது. மறுநாள் தண்ணீர் வழக்கம்போல வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. பானையை மறுபடி மேல்தட்டில் ஏற்றியது நான்தான்.

நான் மக்கள் தொடர்பு படிக்கிறேன். ஒரு செய்தி எப்படிப் பரவுகிறது என்று வகுப்பில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்து காட்டுவார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவேன், அவ்வளவுதான். இந்த முறை வீட்டுக்குள்ளேயே ஒன்று கிடைத்ததால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தேன். “உங்களுக்கு ஆர் அனுப்பினது?” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போக ஒரு கிழமை பிடித்தது. சிலர் இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோலப் பதில் அனுப்பினார்கள்.

முதலில் கவனத்தில் பட்டது, எல்லோரிடமும் இருந்தது ஒரே வாசகம் இல்லை என்பது. மாமியிடம் “நாளை முதல் 3 நாட்கள்”. கீழ்வீட்டு அன்ரியிடம் “நாளை முதல்” மட்டும். பாமன்கடையில் இருக்கும் என் தோழியின் அப்பாவிடம் “நாளை 18 மணித்தியாலம்”. ஆனால் மூன்றிலும் “தெகிவளை” என்று ஒரே மாதிரி எழுதியிருந்தது. அறிவிப்புகளில் “தெஹிவளை” என்றுதான் வரும். ஓலைச்சுவடிகளை அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் இப்படித்தான் ஏடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்தார்கள். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை என்று சந்தேகிக்கலாம். உயிரியலில் வைரஸ்களின் வம்சாவளியை வரைவதும் இதே தர்க்கத்தில்தான். 2009இல் பேஸ்புக்கில் பிரதி செய்து ஒட்டப்பட்டுப் பரவிய ஒரு வாசகத்தைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அதற்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் இருந்ததைக் கண்டார்கள். பலர் அப்படியே அனுப்ப, சிலர் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ அனுப்பியிருந்தார்கள்.

என்னுடைய தாய் ஏடு கடைசியில் ஒரு தொடர்மாடிக் குடியிருப்பாளர் குரூப்பில் கிடைத்தது. அது ஒரு படம், அதுவும் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முந்தியது. திகதி, நேரம், பிரதேசங்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்ட உண்மையான நீர்வெட்டு அறிவித்தல்! யாரோ ஒருவர், அனேகமாக டேட்டா மிச்சம் பிடிக்க, அதைப் பார்த்துத் தட்டெழுதி அனுப்பியிருக்கிறார். அப்போது திகதி போய் “நாளை” வந்தது. அன்றைக்கு அது சரியான சொல்தான், அடுத்த நாள் நீர்வெட்டு இருந்தது. ஆனால் “நாளை” பழுதாவதில்லை. பாலுக்குக்கூட காலாவதித் திகதி உண்டு, இந்தச் சொல்லுக்குக் கிடையாது. எந்த நாளில் யார் வாசித்தாலும் அதற்கு அடுத்த நாளைக் காட்டும். இந்தக் கதையில் பொய் சொன்னவர் என்று நான் ஒருவரையும் கண்டுபிடிக்கவில்லை.

சரி, அது ஏன் ஸ்காபரோ வழியாக வந்தது?

ஆயிரம் வீடுகள் ஒரு வட்டமாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் வலப்பக்கம் ஐந்து வீடுகள், இடப்பக்கம் ஐந்து வீடுகள் பழக்கம். எதிர்ப்பக்கம் 500 வீடு தள்ளி இருப்பவருக்கு ஒரு செய்தி போக 100 கை மாற வேண்டும். 1998இல் டங்கன் வொட்ஸ், ஸ்டீவன் ஸ்ட்ரோகட்ஸ் என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரையில் இப்படி ஒரு வட்டத்தை எடுத்து, தொடர்புகளில் ஒரு சிறு பங்கை மட்டும் அறுத்துத் தூரத்தில் எங்காவது கட்டிப் பார்த்தார்கள். நூற்றில் ஒரு தொடர்பை மாற்றியபோதே சராசரித் தூரம் பல மடங்கு சுருங்கிப்போனது. அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் அறிந்திருக்கும் நெருக்கமோ பெரிதாகக் குறையவில்லை. உள்ளே இருப்பவருக்குத் தன் ஒழுங்கை மாறியதாகவே தெரியாது, ஆனால் உலகம் பக்கத்தில் வந்திருக்கும்.

வெள்ளவத்தையைக் ‘குட்டி யாழ்ப்பாணம்’ என்பார்கள். இங்கே ஒரு தொடர்மாடியில் இருபது குடும்பம் இருந்தால், ஸ்காபரோ, லண்டன், பாரிஸ், சிட்னி என்று இருபது குடும்பத்துக்கும் நீளக் கயிறு ஒன்றாவது இருக்கும். சின்னமாமிக்கு ஹம்டன் ஒழுங்கையில் யாரையும் தெரியாது. ஆனால் அவருடைய பழைய மாணவிகள் குரூப்பில் ஹம்டன் ஒழுங்கைக்காரி ஒருத்தி இருக்கிறாள். எங்கள் வீட்டில் இருந்து அந்த ஒழுங்கைக்கு நடந்தால் பத்து நிமிடம். மாமி அந்தப் பக்கம் போனால் மரக்கறி வாங்கிக்கொண்டு வருவாரே தவிர, அந்த வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. ஆகவே பத்து நிமிடத் தூரத்தைச் செய்தி கனடாவுக்குப் போய்த் திரும்பிக் கடந்தது. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இலேயே இதைத் தொட்டிருக்கிறார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், புதிய தகவல் அரைப் பழக்கக்காரர் வழியாகத்தான் வரும் என்பது அவர் வாதம். அவர் யோசித்தது வேலை தேடுபவர்களைப் பற்றி. வாளி நிரப்புபவர்களுக்கும் அது பொருந்துகிறது.

பரவும் வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு குரூப்பில் 40 பேர், வாசிப்பவர்களில் 20 பேருக்கு ஒருவர் அதை இன்னொரு குரூப்புக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். ஒரு குரூப் இரண்டாகும், இரண்டு நாலாகும், பத்தாவது சுற்றில் 1,024. இதையே 50 பேருக்கு ஒருவர் என்று மாற்றினால், ஒரு குரூப்பில் இருந்து சராசரியாக 0.8 குரூப்புக்குத்தான் போகும். சங்கிலி முழுவதையும் கூட்டினாலும் சராசரி ஐந்து குரூப்புகளோடு செய்தி செத்துவிடும். கொரோனா காலத்தில் தினமும் செய்தியில் கேட்ட ஆர் எண் இதுதான், ஒன்றுக்கு மேலே போனால் பரவும், கீழே போனால் அடங்கும். ஒரு வதந்தியை அடக்க எல்லோரையும் திருத்தத் தேவையில்லை என்று இந்தக் கணக்கு சொல்கிறது. அனுப்புபவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் சோம்பல்பட்டாலே போதும்.

வட்ஸ்அப் நிறுவனம் அந்தச் சோம்பலைச் செயற்கையாக உண்டாக்கப் பார்த்தது. ஒரு தடவையில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குரூப்புக்கு மேல் ஃபோர்வர்ட் பண்ண முடியாது என்ற வரம்பு 2018இல் இந்தியாவில் தொடங்கி, 2019 ஜனவரியில் உலகம் முழுக்க வந்தது. 2020 ஏப்ரலில் இன்னும் இறுக்கினார்கள். ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்பலாம். அதன்பின் அப்படிப்பட்ட ஃபோர்வர்ட்கள் 70 வீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது.

நான் இதில் நீண்ட நேரம் தலையைச் சொறிந்தேன். வட்ஸ்அப்பில் அனுப்புவது முழுக்கக் குறியாக்கம் செய்யப்பட்டது, நடுவில் இருக்கும் நிறுவனத்தாலும் வாசிக்க முடியாது என்கிறார்கள். பிறகு ஐந்து கை மாறியது என்று எப்படித் தெரியும்? பதில் எளிமையானது. செய்தியோடு ஓர் எண்ணும் பூட்டிய உறைக்குள்ளேயே பயணம் செய்கிறது. நீங்கள் ஃபோர்வர்ட் பண்ணும்போது உங்கள் போன் அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டி மறுபடி பூட்டி அனுப்புகிறது. எண் ஐந்தை எட்டினால், பெறுபவருடைய போன் இரட்டை அம்புக்குறி போடுகிறது. எண்ணுவது போன்கள்தான்.

ஓட்டையும் அங்கேதான். பிரதி செய்து ஒட்டினாலோ, பார்த்துத் தட்டெழுதினாலோ எண் மறுபடி பூச்சியத்தில் தொடங்கும். எங்கள் நீர்வெட்டு அப்படிக் குறைந்தது இரண்டு தடவை மறுபிறவி எடுத்திருக்கிறது. மாமியின் போனில் அதற்கு ஒற்றை அம்புகூட இல்லை. சின்னமாமி தன் கையால் எழுதியதுபோல, அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மாமி ஏன் நம்பினார்? “மூண்டு குரூப்பிலை வந்தது பிள்ளை” என்றார். மூன்று சாட்சி என்று அவர் நினைத்தது ஒரே சாட்சிதான், மூன்று வாசலால் வந்திருக்கிறது. பாடபேதம் பார்த்த எனக்கு அது தெரியும், அவருக்குத் தெரிய வழியில்லை. தவிர, மூளைக்கும் ஒரு பழக்கம் உண்டு. 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூன்று ஆய்வாளர்கள் மாணவர்களிடம் சில கூற்றுகளைக் கிழமைகள் இடைவெளி விட்டு மூன்று தடவை காட்டினார்கள். திரும்பத் திரும்பக் கண்ட கூற்றுகளை, அவை உண்மையோ பொய்யோ, மாணவர்கள் கூடுதலாக நம்பத் தொடங்கினார்கள். ஏற்கெனவே கேட்டதை மூளை சிரமமில்லாமல் வாசிக்கிறது, அந்தச் சுகத்தை உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது.

வதந்தி எப்போது பிறக்கும் என்பதற்கு ஓல்போர்ட், போஸ்ட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1947இல் ஒரு சூத்திரம் எழுதினார்கள். விஷயம் எவ்வளவு முக்கியம், எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறது, இரண்டையும் பெருக்கு. கூட்டல் போடாமல் பெருக்கல் போட்டதில்தான் விஷயம் இருக்கிறது, ஒன்று பூச்சியமானால் எல்லாம் பூச்சியம். தண்ணீரின் முக்கியத்துவத்தை ஒருவராலும் பூச்சியமாக்க முடியாது. தெளிவின்மையைக் குறைக்கலாம், எங்கள் தொழிலே அதுதான். 1906இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் ஒன்று நீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, ரயில்வே கம்பனிக்காக ஐவி லீ என்பவர் நிருபர்களுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். அதையே முதல் ஊடக அறிக்கை என்று எங்களுக்குப் படிப்பிக்கிறார்கள். வதந்திக்கு முன்னால் விவரத்தைக் கொடுத்துவிடு என்பதுதான் அந்த உத்தி. இந்தப் பெருக்கலை நினைத்துக்கொண்டு பார்த்தால், 2018 மார்ச்சிலும் 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும் 2022 ஏப்ரலிலும் இங்கே சமூக ஊடகங்களை முடக்கியது பாதிக் கணக்கு. பரவும் வழி அடைபட்டது, தெளிவின்மை அப்படியே மிஞ்சியது. மற்றப்படி, முடக்கத்தைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் என்ற சொல்லை எங்கள் மாமிமார் கற்றுக்கொண்டார்கள்.

நானும் ஒரு திருத்தம் போட்டுப் பார்த்தேன். “அது போன வருட அறிவித்தல், நாளை நீர்வெட்டு இல்லை” என்று குடும்பக் குரூப்பில் எழுதினேன். இரண்டு பெருவிரல் விழுந்தது. ஒருவரும் ஃபோர்வர்ட் பண்ணவில்லை. முதலில் கோபம் வந்தது, பிறகு மாமியின் பக்கம் நின்று கணக்குப் பார்த்தேன். செய்தியை நம்பி ஏமாந்தால் நட்டம் அரை மணித்தியாலமும் கொஞ்சம் தண்ணீரும். நம்பாமல் ஏமாந்தால் மூன்று நாள் நாறவேண்டும். மருத்துவர் ரண்டொல்ஃப் நெஸ்ஸி இதைப் புகை எச்சரிக்கைக் கருவியோடு ஒப்பிடுவார். தோசை கருகும்போதெல்லாம் கத்தும் கருவிதான் வீடு எரியும்போதும் தவறாமல் கத்தும். மாமி அந்தக் கருவி. என் திருத்தமோ யாரையும் எதையும் செய்யச் சொல்லவில்லை. அதை யார் அவசரமாக இன்னொருவருக்கு அனுப்புவார்கள்?

நூறு வருடத்துக்கு முந்தி இருந்தவர்களுக்கு இந்தத் தலையிடி குறைவு. கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. வானொலியில் ஒருவர் வாசிப்பார், எல்லோரும் ஒரே நேரத்தில் அதே சொற்களைக் கேட்பார்கள், நடுவில் திகதியைத் தொலைக்க ஒருவரும் இல்லை.

சில கிழமைகளுக்குப் பிறகு உண்மையாகவே நீர்வெட்டு அறிவித்தார்கள். இந்த முறை நானே முந்திக்கொண்டேன். திகதி, கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், எந்தெந்தப் பிரதேசம், “முதல் நாள் இரவே நிரப்பி வையுங்கள்” என்று செய்ய வேண்டிய வேலை, எல்லாம் ஐந்து வரியில். அவசரத்தில் தலைப்பில் ஓர் எழுத்து விழுந்து “நீர்வெட்” என்று போய்விட்டது. பரவாயில்லை, நன்றாகப் பரவியது. கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்து நன்றி சொன்னார். மாமியின் பானையும் வீண்போகவில்லை.

போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தால் குளியலறையில் தண்ணீர் ஓடும் சத்தம். மாமி போனை நீட்டினார். “நீர்வெட்! நாளை காலை முதல். முதல் நாள் இரவே நிரப்பி வையுங்கள்.”

“லண்டனிலை இருந்து பெரியண்ணா அனுப்பினவர்” என்றார். “நீ அந்த வாளியை இஞ்சாலை தா.”